துரைசானி பாயிண்ட்

ஒரு நிமிசம் சார். ஏறுறதுக்கு முன்னாடி, பாப்பா கையில இருக்குற அந்த நோட்டைப் பைக்குள்ள வைக்கச் சொல்லுங்க. லீவுல போன எடத்தையெல்லாம் எழுதிட்டு வரச் சொல்லி ஸ்கூல்ல சொல்லியிருக்காங்களா? அப்பக் கண்டிப்பா உள்ள வைக்கணும். கோவிச்சுக்காதீங்க. பிள்ளைக வாந்தி எடுத்தா நானே கழுவிக்கிறேன். சீட்டைக் கிழிச்சாத் தச்சுக்கிறேன். என் ஜீப்புக்குள்ள உக்காந்து எழுத மட்டும் கூடாது. வீட்டுக்குப் போயி எழுதட்டும், என்னத்தையும் எழுதட்டும், எனக்குத் தெரியாம எழுதட்டும்.

சிரிக்கிறீங்க. ஸ்டாண்டுல சொல்லிட்டாங்களா? அதான பாத்தேன். டபுள் வனராஜ் வண்டியில போங்க, நல்லாக் கதை சொல்லுவாப்லன்னு தங்கமாயன் அனுப்பியிருப்பான். எங்க சங்கத்துச் செயலாளரு அவன். என் பேரு வனராஜ் சார். வெறும் வனராஜ். லைசென்சை வேணும்னாலும் பாருங்க. அந்த டபுள் எங்கப்பா வச்சதில்லை. பத்து வயசுப் பிள்ளை ஒண்ணால வந்தது.

இந்தா, மேகம் எறங்கிருச்சு. இப்பக் கெளம்புனா ஒரு பாயிண்ட்லயும் ஒண்ணும் தெரியாது. இது கலையிற வரைக்கும் சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நான் செஞ்சது தப்பான்னு. தப்புன்னு சொன்னீங்கன்னா வண்டியில ஏத்த மாட்டேன், அதையும் இப்பவே சொல்லிர்றேன்.

அப்ப எனக்குக் கல்யாணம் ஆகல. இந்த வண்டியும் இல்லை, இதுக்கு முந்தி ஒரு பழைய ஜீப்பு. காலாண்டுப் பரீட்சை லீவு. மன்னார்குடிப் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. அப்பா தமிழ் வாத்தியாரு, மாசிலாமணின்னு பேரு. அந்தம்மா பஸ்ஸுல மலை ஏறும்போதே வாந்தி எடுத்துத் தளந்து, ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்குகிட்டயே பிடிச்சிருந்தாங்க. ஒரே பிள்ளை, பூங்கோதைன்னு. ரெட்டைச் சடை, அதுக்கு மேல குரங்குக் குல்லா, கையில நோட்டு. அட்டையில 'நான் கண்ட மலை'ன்னு ஸ்கெட்ச்சுல எழுதி, கீழ அடிக்கோடு வேற போட்டிருந்துச்சு. அப்பவே நான் உசாராயிருக்கணும். யாரு கண்டா?

எட்டு பாயிண்ட் பேசி ஏத்துனேன். எங்க மலையில அதான் வழக்கம். ஒரு நாள், எட்டு பாயிண்ட்டு. ஆனா அன்னைக்கி அருவிக்குப் போற ரோட்டுல மரம் விழுந்து கெடந்துச்சு. இதை மட்டும் நல்லா மனசுல வச்சுக்கங்க சார். மரம் விழுந்துச்சு. ரெண்டு நாள்ல அறுத்து எடுத்துட்டாங்கன்னு தங்கமாயன் சொல்லுவான். எடுத்திருக்கலாம். எனக்குத் தகவல் வரல.

மொதப் பாயிண்ட்டு போனோம். மேகம்னா மேகம், கைய நீட்டுனாக் கை தெரியாது. நான் என் வேலையப் பாத்தேன். இந்தப் பக்கம் பாத்தீங்கன்னா டேம், அந்தப் பக்கம் பாத்தீங்கன்னா தேனி ஊருன்னு காட்டுனேன். வாத்தியாரு கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரு. பாத்துட்டு வண்டிக்குள்ள வந்து உக்காந்ததும் பிள்ளைகிட்ட எழுதும்மான்னாரு. எழுத வேண்டியதை அவரே சொன்னாரு. "வானளாவிய மலைகளையும் அழகிய அணையையும் கண்டு களித்தோம்."

பிள்ளை பென்சிலை வாயில வச்சுக்கிட்டே கேட்டுச்சு, "எப்பப்பா கண்டோம்?"

"சுற்றுலாக் கட்டுரைன்னா கண்டு களித்தோம்னுதாம்மா முடிக்கணும். அப்பதான் மார்க்கு" அப்படின்னாரு.

அந்த வார்த்தையக் கேட்டுக்கங்க சார். கண்டு களித்தோம். நான் முன்னாடி வண்டி ஓட்டுறேன், பின்னாடி ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் இதான் ஓடுது. பள்ளத்தாக்கைக் கண்டு களித்தோம். பைன் மரக்காட்டைக் கண்டு களித்தோம். வெள்ளையத் தவிர ஒண்ணையும் காணல. களிக்கவும் இல்லை. அந்தம்மா வண்டியவிட்டே எறங்கல, எலுமிச்சம்பழம் கருத்துப்போச்சு. எல்லாம் கண்டு களிச்ச கணக்குல போச்சு. நான் வாயத் தெறந்தேனா? ஏன் சார், இப்படிப் பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுக்குறீங்கன்னு கேட்டேனா? கேக்கல. சவாரிக்கு வந்தவங்க, மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல. அவரு சொன்ன பொய்க்கு மார்க்கு. நான் சொன்னதுக்கு டபுள். இதான் என் வழக்கே.

மூணாவதாப் போனது கழுகுப்பாறை. அங்க அன்னக்கொடின்னு ஒரு பொண்ணு கருது சுட்டு வித்துக்கிட்டிருந்துச்சு. மக்காச்சோளக் கருது. ஒரு கரியடுப்பு, ஒரு விசிறி, எலுமிச்சம்பழம், மொளகாப்பொடி, அவ்வளவுதான் கடை. குடும்பத்துக்குக் கருது வாங்கிக் குடுத்தேன். சாப்பிட்டாங்க. கெளம்பிட்டோம். அந்தப் பொண்ணு யாருன்னு பெறகு சொல்றேன், இப்பத் தேவையில்லை.

ஏழு முடிஞ்சுது. எட்டாவது அருவி. மரம் கெடக்கு. என்ன செய்யச் சொல்றீங்க? ஒரு பாயிண்ட் குறையுதுங்கன்னு தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கிற ஆளு நான் இல்லை. பேசுனாப் பேசுனதுதான். கழுகுப்பாறைக்கு மேல்ரோட்டு வழியாவும் போகலாம், கீழ்ரோட்டு வழியாவும் போகலாம். காலையில மேல்ரோட்டுல போனேன். சாயங்காலம் கீழ்ரோட்டுல போனேன். காலையில கிழக்க பாத்து நிப்பாட்டுனேன். சாயங்காலம் மேற்க பாத்து நிப்பாட்டுனேன். வேற ரோடு, வேற நேரம், வேற தெசை. அப்பறம் எப்படி அது அதே பாயிண்ட்டு ஆகும்? பாயிண்ட்டுங்குறது பாறையா? பாறையப் பாக்கவா நீங்க இம்புட்டுத் தூரம் வர்றீங்க? எங்க நின்னு எதைப் பாக்குறமோ அதான பாயிண்ட்டு?

இது என்ன எடம்னு பிள்ளை கேட்டுச்சு. துரைசானி பாயிண்ட்டுன்னேன். தடுமாறல சார், பட்டுன்னு சொன்னேன். ஏன்னா அதுக்கு முந்தியே ஒரு வருசமா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். மரமா? மலைன்னா மரம் அப்பப்ப விழத்தான் செய்யும். நீங்களும் அந்த வாத்தியாரு மக மாதிரியே குறுக்குக் கேள்வி கேக்குறீங்க.

அந்தப் பேருக்கு ஒரு கதையும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்துல ஒரு துரைசானி தெனம் சாயங்காலம் இந்தப் பாறைகிட்ட வந்து நின்னு, கீழ்ரோட்டையே பாத்துக்கிட்டிருப்பாளாம். குதிரையில ஒருத்தன் வருவானாம். வந்து ஒண்ணும் பேச மாட்டானாம். சும்மா நின்னுட்டுப் போயிருவானாம். அவன் போனதுக்கப்பறமும் அவ நின்னுக்கிட்டே இருப்பாளாம். நல்ல கதைதான? எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, புத்தகத்துலயும் படிக்கல. ஒரு நாள் அந்த எடத்துல வண்டிய நிப்பாட்டிட்டு நின்னுக்கிட்டிருந்தப்பத் தானா வந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியாது.

வாத்தியாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. துரைசானி காத்திருந்த வரலாற்றுச் சிறப்புமிக்க இடத்தைக் கண்டு களித்தோம்னு எழுதச் சொன்னாரு. பிள்ளை எழுதல. என்னையப் பாத்துச்சு, அடுப்பப் பாத்துச்சு, மறுபடி என்னையப் பாத்துச்சு. நான் வண்டிக் கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டு நின்னேன்.

அப்பறம் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. நானும் மறந்துட்டேன். மழையெல்லாம் முடிஞ்சு ஒரு நாள் ஸ்டாண்டுக்கு வர்றேன், காதர் பாய் டீக்கடை முன்னாடி டிரைவருக பூராம் கூடிக் கெடக்கானுக. பாய் கடையில வாரப் பத்திரிகை ஒண்ணு வாங்கிப் போடுவாரு. அதுல சின்னப் பிள்ளைக எழுதுறதுக்குன்னு ஒரு பக்கம் உண்டு. பாய் கண்ணாடிய மாட்டிக்கிட்டுச் சத்தமா வாசிக்கிறாரு. என்னையப் பாத்ததும் நிறுத்துனாரு. தங்கமாயன் விடல, மொதல்ல இருந்து வாசிங்க பாய்னான்.

அந்த வாத்தியாரு சொன்ன கண்டு களித்தோம் ஒண்ணைக்கூடக் காணோம் சார். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு அந்தப் பிள்ளை தானா எழுதியிருக்கு. பத்திரிகைக்காரங்க மெனக்கெட்டு ஒரு ஜீப்பு படம் வேற போட்டிருந்தாங்க. எனக்கு இன்னைக்கும் மனப்பாடம். இந்த மலையில எல்லாருக்குமே மனப்பாடம்.

'காலையில் கழுகுப்பாறைக்குப் போனோம். பனி. ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட அக்காவிடம் சோளம் வாங்கினோம். மாலையில் துரைசானி பாயிண்டுக்குப் போனோம். பனி. ஒன்றும் தெரியவில்லை. நீல ஸ்வெட்டர் போட்ட அதே அக்காவிடம் சோளம் வாங்கினோம். இரண்டும் ஒரே இடம். அப்பாவுக்கு இது தெரியவில்லை. டிரைவர் மாமா இரண்டு தடவையும் பனியைப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டு இருந்தார்.'

கடைசியில இருக்குறதை விட்டுருங்க. பக்கத்தை நிரப்புறதுக்குப் பிள்ளை என்னமோ எழுதியிருக்கு. டிரைவருன்னா வண்டிய நிப்பாட்டிட்டு எங்கயாவது பாத்துக்கிட்டுத்தான் நிப்பான், அதையெல்லாமா எழுதுவாங்க? என்னைக் கவுத்தது அந்த நடு வரி. இரண்டும் ஒரே இடம். ரெண்டே நிமிசத்துல தங்கமாயன் டபுள்னு பேரு வச்சான். சாயங்காலத்துக்குள்ள லாட்ஜுக்காரன், பழக்கடைக்காரி, போஸ்ட்மேன் எல்லாரும் டபுள். என் மக கல்யாணத்துல மைக்கைப் பிடிச்சவன் டபுள் வனராஜ் இல்லத் திருமணம்னு வாய் தவறிச் சொல்லிட்டான். சம்பந்தக்காரங்க என்ன நெனச்சிருப்பாங்க சொல்லுங்க. ரெண்டு பொண்டாட்டின்னு நெனச்சிருக்காங்க. அதைத் தீத்து வைக்கவே ஒரு வாரம் ஆச்சு.

இன்னொரு பேச்சும் கெளம்புச்சு. நானும் அன்னக்கொடியும் கூட்டுன்னு. நான்தான் ஆளு மாறித் தெரியட்டும்னு ஸ்வெட்டரை மாத்தச் சொன்னேன்னு. சத்தியமா நான் சொல்லல சார். நான் எதுக்குச் சொல்லணும்? அது ஏன் மாத்துச்சுன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்லை. குளிருற ஊரு, பொம்பளைப் பிள்ளைக எதையாவது போடும், எதையாவது கழட்டும். நீலம் அதுக்கு எடுப்பா இருக்கும், அது மட்டும் தெரியும்.

பாவம், அதுக்கும் கெட்ட பேரு. வர்ற டூரிஸ்டெல்லாம் எங்கம்மா நீல ஸ்வெட்டருன்னு கேட்டுச் சிரிக்க, அது அடுப்பைவிடச் சூடா உக்காந்திருந்துச்சு. நான் நேராப் போனேன், வெவரம் சொல்ல. இது ரெண்டு பாயிண்ட்டு, யாரு கேட்டாலும் நீயும் அப்படித்தான் சொல்லணும்னேன். "ஒண்ணுதான்யா"ன்னுச்சு. மறுநாள் போயி மறுபடி சொன்னேன், தெசையெல்லாம் காட்டி. "ஒண்ணுதான்யா." விட்டுருவேனா? ஒரு வருசம் தெனம் சாயங்காலம் போயி வெவரம் சொன்னேன். சவாரி இல்லாத அன்னைக்கும் பெட்ரோலைப் போட்டுக்கிட்டுப் போயிச் சொன்னேன். அதுக்கப்பறம், இப்படித் தெனம் போயிட்டு வர்றது சிரமமா இருக்குன்னு கல்யாணம் பண்ணிக்கிட்டோம்.

கல்யாணம் ஆகியும் ஒத்துக்கிட்டாளா? இல்லை. இருபத்தஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருக்கோம். குழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொன்னா, "இன்னொரு ரோட்டு வழியாச் சாப்பிட்டுப் பாரு, சரியா இருக்கும்"பா. பொறந்த பிள்ளைக ரெண்டும் அவ கட்சி. வீட்டுல நான் தனி ஆளு. இருந்தாலும் ஒத்துக்கல சார். சங்கத்துல வச்சுக் கேட்டான் தங்கமாயன், ஒண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு, அந்த டபுளை இன்னையோட விட்டுர்றோம்னான். டபுளே இருக்கட்டும்டான்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

இதெல்லாம் வெளையாட்டு. வினை வந்தது போன மாசம்.

கவர்மெண்ட்ல இருந்து புது உத்தரவு. எந்தெந்தப் பாயிண்ட்டுல வண்டி நிக்கலாம், கடை போடலாம்னு பாத்து முடிவு பண்ணப் போறாங்க. முடிவு பண்ணாத எடத்துல வண்டியும் நிக்கக் கூடாது, கடையும் இருக்கக் கூடாது. நல்லதுதான், மலை குப்பையாக் கெடக்கு. ஆனா எங்க பாறைக்கு ரெண்டு பேரு ஓடுது. நான் இத்தனை வருசமாச் சொல்லிச் சொல்லி, பாதி ஜனம் துரைசானிங்குது, மீதி ஜனம் கழுகுப்பாறைங்குது. இதைப் பாத்துட்டு ஆபீஸ்ல இருந்து சொல்லிவிட்டாங்க. ஒரு எடத்துக்கு ஒரு பேருதான். இதுல ஒண்ணு யாரோ டூரிஸ்டை ஏமாத்த வச்ச போலிப் பேரு. எது போலின்னு, வச்ச ஆளே வந்து சொன்னா மத்ததை வச்சுக்குவோம். சொல்லலைன்னா அந்த எடமே வேண்டாம்னு. தங்கமாயன் அந்தச் சேதிய என்கிட்ட வந்து சொல்லும்போது சிரிக்கல சார். அவன் சிரிக்காமப் பேசி நான் பாத்ததே இல்லை.

எடமே வேண்டாம்னா என்ன அர்த்தம்? அவ அடுப்பை எடுத்துரணும். அன்னைக்கி வீட்டுக்கு வந்தா, அன்னக்கொடி எனக்கு முன்னாடியே சேதி தெரிஞ்சு உக்காந்திருக்கா. சண்டை போடல. சண்டை போட்டிருந்தா எனக்குச் சுலுவாப் போயிருக்கும்.

"அந்த அடுப்புலதான்யா ரெண்டு பிள்ளைகளையும் வளத்தேன். இப்பவும் காலையில எந்திரிச்சா என் காலு தானா அங்கதான் போகுது. ஒரு வார்த்தை. ரெண்டும் ஒண்ணுதான், நான்தான் பேரு வச்சேன்னு சொல்லிரு" அப்படின்னா.

சோறு எறங்கல. நெசமாப் பயமா இருந்துச்சு சார். அவ இல்லாம அந்தப் பாறை மட்டும் கெடக்குறதை நெனச்சே பாக்க முடியல. இன்னொரு பக்கம் ரோசம். ஊரு முன்னாடி நின்னு ஆமா நான் ஏமாத்துனேன்னு சொல்றதுக்கா இத்தனை வருசம் டபுளைத் தூக்கிச் சுமந்தேன்? ஏமாத்துனேன்னு சொன்னா அதுதான சார் பொய்? ஏமாத்தணும்னு நெனச்சு நான் அங்க போகவே இல்லையே. எதுக்குப் போனேன்னு கேக்காதீங்க. போனேன்.

அதிகாரி வந்தாங்க. சின்ன வயசு மேடம், தொப்பி போட்டுக்கிட்டு, மெதுவாப் பேசுறவங்க. பாறைகிட்ட எல்லாரும் கூடிட்டோம். டிரைவருக, கடைக்காரங்க, தங்கமாயன். காதர் பாய்கூடக் கடையப் பூட்டிட்டு வந்துட்டாரு, வேடிக்கை பாக்க. அன்னக்கொடி அடுப்புகிட்ட குத்தவச்சு விசிறிக்கிட்டிருக்கா. தலை நிமிரல. மேடம் எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்துட்டு, வனராஜ் யாருன்னாங்க. எல்லாரும் ஒதுங்குனானுக, நான் மட்டும் நிக்கிறேன்.

"இந்த ரெண்டு பேருல எது போலிங்க?"ன்னு கேட்டாங்க.

அவளை ஒரு பார்வை பாத்தேன். விசிறி நின்னு போச்சு. ஆனாச் சொன்னேன் சார். சத்தமாவே சொன்னேன்.

"கழுகுப்பாறைதான் மேடம் போலி."

தங்கமாயன் தலையில அடிச்சுக்கிட்டான். அடிச்சுக்கட்டும். நான் கேட்டது நியாயமா இல்லையான்னு நீங்க சொல்லுங்க. கழுகை எவன் பாத்தான்? எங்கப்பா இந்த மலையிலயே பொறந்து இந்த மலையிலயே செத்தவரு, அவரு பாத்தாரா? காக்கா வரும், கொரங்கு வரும், கழுகு எப்ப வந்துச்சு? அந்தப் பேரு யாரு வச்சது, எவனை ஏமாத்த வச்சதுன்னு மொதல்ல விசாரிங்க மேடம்னேன். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா ஒரு பேருதான் நிக்கணும்னா என் பேரு நிக்கட்டும், துரைசானின்னே வையுங்கன்னேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத காதர் பாய், அட ஆமா, கழுகு கெடையாதேன்னாரு. எனக்கு ஒரு தெம்பு வந்துச்சு.

மேடம் கோவப்படல. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"சரிங்க. துரைசானிய யாரு பாத்தாங்க?"

அங்க மாட்டிக்கிட்டேன் சார். இத்தனை வருசத்துல ஒரு டூரிஸ்டும் இதைக் கேட்டதில்லை. அந்த வாத்தியாரு மககூடக் கேக்கல. போச்சு, அடுப்பு போச்சு, நம்ம ரோசத்தால இவ பொழப்பைக் கெடுத்தோம்னு நிக்கிறேன். அந்த நேரத்துல அவ எந்திரிச்சா. விசிறியக் கையிலயே வச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னா.

"நான் பாத்திருக்கேன் மேடம்" அப்படின்னா.

விசிறியாலயே பாறையக் காட்டுனா.

"தெனம் சாயங்காலம் இங்கதான் நிப்பா. கீழ்ரோட்டையே பாத்துக்கிட்டு நிப்பா. தூரத்துல வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், இருக்குற ரெண்டு ஸ்வெட்டர்ல நல்லதை எடுத்துப் போட்டுக்குவா. அவன் வந்து ஒண்ணும் பேச மாட்டான், கண்ணாடியத் தொடைப்பான், போயிருவான். அவளுக்கு அது போதும். கழுகுப்பாறைக்குக் காலையில வேணா யாரும் வந்துட்டுப் போகட்டும். சாயங்காலத்துக்கு இது துரைசானி பாயிண்ட்டுதான். இதுக்கு நான் சாட்சி."

அவ்வளவு பேசி நான் அவளைக் கேட்டதே இல்லை. எனக்குப் பகீர்ன்னுச்சு. பாருங்க சார், என்னையக் காப்பாத்தணும்னு எந்திரிச்சது சரி, ஆனா பொய் சொல்லத் தெரியாத பொம்பளை, கதைய மாத்திச் சொல்லிட்டா. வெள்ளைக்காரன் காலத்துல எங்க இருந்து வண்டி வந்துச்சு? குதிரைதான? துரைசானி எதுக்கு ஸ்வெட்டர் மாத்துறா? குதிரையில வர்றவன் எந்தக் கண்ணாடியத் தொடைப்பான்? மேடம் படிச்சவங்க, இதெல்லாம் கண்டுபிடிச்சுருவாங்க, தொலைஞ்சோம்னு நெனச்சேன்.

மேடம் அவளைப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. மறுபடி அவளைப் பாத்தாங்க. ஒரு மாதிரி சிரிச்சாங்க, தொப்பிய எடுத்துட்டுத் திரும்பவும் போட்டுக்கிட்டாங்க. இந்தச் சாட்சி போதும்னுட்டாங்க. குதிரையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. தங்கமாயன் எதுக்கோ கண்ணத் தொடைச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டான். அடுப்புப் புகை அவன் பக்கம் போயிருக்கும். போறப்ப அவ சுட்டுக் குடுத்த கருதை வாங்கிக்கிட்டு மேடம் என்கிட்ட வந்து, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதான்னு கேட்டாங்க. எல்லாம் தெரியும் மேடம், இந்த மலையில எனக்குத் தெரியாத ரோடு இல்லைன்னேன்.

பாருங்க, இந்தா போனுல அந்தப் போர்டு படம். மேகத்துல பாதி மறைஞ்சிருக்கு. துரைசானி காட்சிமுனை. பச்சைப் போர்டுல வெள்ளை எழுத்து, கவர்மெண்ட் எழுத்து. பாயிண்ட்டைக் காட்சிமுனைன்னு மாத்திட்டாங்க, மாத்திட்டுப் போகட்டும், பேரு என் பேருதான். இப்ப என்னைய டபுள்னு எவன் சொல்வான்? பழக்கத்துல சொல்றாங்க. ஆனா முன்ன மாதிரி சிரிச்சுக்கிட்டுச் சொல்றதில்லை.

எல்லாரும் போனப்பறம் அவகிட்டப் போனேன். நன்றின்னு சொல்லியிருக்கணும், தெரியும். ஆனா மனசுல கெடந்து உறுத்துதே. நாளைக்கு வேற எவனாச்சும் வந்து கேட்டா மாட்டிக்கக் கூடாதுல்ல? "ஏ அன்னம், நல்லாத்தான் சொன்ன. ஆனா அது வண்டிச் சத்தம் இல்லை, குதிரைச் சத்தம். அவன் குதிரையிலதான வந்தான்?"னேன்.

அவ என்னைய ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அடுப்புல கெடந்த கருது கருகிப்போச்சு, அதைக்கூடத் திருப்பல. அப்பறம் சொன்னா.

"ஆமாய்யா. குதிரையிலதான் வந்தான்."

இருபத்தஞ்சு வருசத்துல நான் சொன்னதுக்கு அவ ஆமான்னு சொன்னது அன்னைக்கித்தான் சார். ஜெயிச்சுட்டேன்ல?